விளியும் ஏவலும்

தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைவிலிருந்து இயக்கும் கருவிக்குத் தொலையியக்கி என்று நல்ல தமிழ்ப்பெயர் உண்டு. தேர்வுத் தாளில் அப்பெயரை எழுதும் மாணவனும் வீட்டிற்குப் போனதும், “ரிமோட்டைக் காணோமே” என்றுதான் தேடுகின்றான். வழக்கு வென்றுவிட்ட இடத்தில் வாதாடிப் பயனில்லை; இக்கட்டுரையிலும் ரிமோட் என்றே வழங்குவோம். எங்களுக்கு வியப்பளித்தது அப்பெயரன்று; கடைக்காரர் அதன்முன் சேர்த்துச் சொல்லும் அடைமொழியே. யுனிவர்சல் ரிமோட்! அண்டத்திற்கெல்லாம் பொதுவானது என்று பெருமை பேசும் அப்பொருள், நெகிழித் தாளில் சுற்றப்பெற்று, கடைவாயிலில் கைபேசி உறைகளுக்கும் மின்கலங்களுக்கும் நடுவே தொங்குகின்றது. அதனை வாங்கிவந்து ஒரே ஒரு வீட்டின் ஒரே ஒரு தொலைக்காட்சிக்குப் பழக்குவதற்குள் நாங்கள் பட்ட பாடு ஒரு கட்டுரைக்குரியதாயிற்று.

எங்கள் அன்னையாருக்கு 76ஆம் வயதில் பக்கவாதம் கண்டது. உயிருக்கு ஊறின்றி மீண்டார். பேச்சும் பெரும்பாலும் மீண்டது. வலக்கை மட்டும் மீளவில்லை. நாங்கள் இருவரும் காலை எட்டரை மணிக்குப் பணிக்குப் புறப்பட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புவோம். நண்பகலில் உணவளிக்க ஓர் அம்மையார் வந்து செல்வார். எஞ்சிய பொழுதெல்லாம் அன்னையாருக்குத் துணை தொலைக்காட்சியே. செய்தி கேட்பார், பழைய திரைப்படப் பாடல்களைக் கேட்பார், சில வேளைகளில் வீட்டில் ஏதேனும் ஒரு மனிதக்குரல் ஒலித்துக்கொண்டிருந்தால் போதும் என்பார்.

அத்துணைக்கு ஒன்றன்று, இரண்டு ரிமோட்டுகள் வேண்டியிருந்தன. தொலைக்காட்சிக்கு ஒன்று, கேபிள்காரர் தந்த செட்டாப் பெட்டிக்கு ஒன்று. ஒருநாள் எண்ணிப் பார்த்தோம். முன்னதில் 38 பொத்தான்கள், பின்னதில் 43, ஆக 81. பழகாத இடக்கையால், மங்கிய பார்வையோடு, இந்த 81க்குள் வேண்டிய ஒன்றைத் தேட வேண்டும். ஒலியைக் கூட்ட எண்ணி அதன் அருகில் இருக்கும் ‘சோர்ஸ்’ பொத்தானை விரல் தொட்டுவிட்டால் போதும். படம் மறைந்து, நீலத்திரையும் ‘நோ சிக்னல்’ என்ற வாசகமும் தோன்றிவிடும். அதிலிருந்து மீளும் வழி அவருக்குத் தெரியாது. மாலையில் நாங்கள் கதவைத் திறந்து நுழையும்போது அந்த நீல ஒளியின் எதிரே அவர் அமைதியாக அமர்ந்திருப்பார். ஒருநாளன்று, பலநாள்.

அடுத்த வீட்டுப் பெண்ணைக் குரல் கொடுத்து அழைத்தால் வந்து சரிசெய்வாளே என்றோம். “அவள் தையல் மெஷினை விட்டுவிட்டு ஓடி வருகிறாள். ஒவ்வொரு தடவையும் இதற்காகக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை” என்றார். நாற்பதாண்டுக் காலம் ஒரு பெருங்குடும்பத்தை ஏவி நடத்திய வாய் அது. சிக்கல் தொலைக்காட்சியில் இல்லை என்பதும், பொத்தான்களின் எண்ணிக்கையில்கூட இல்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

உறவினர் ஒருவர், பேசினாலே கேட்கும் தொலைக்காட்சி வந்துவிட்டதே, வாங்கிவிடுங்கள் என்றார். அவர் வீட்டிற்கு அன்னையாரை அழைத்துச் சென்று பேசவைத்துப் பார்த்தோம். நோய்க்குப்பின் அவர் நாவில் ழகரமும் ரகரமும் சற்றே தேய்ந்து ஒலிக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது, அக்கருவிக்குப் பழகவில்லை. மூன்றாம் முறையும் அது ‘புரியவில்லை’ என்று சொன்னபோது அன்னையார் அதனை மேசைமேல் வைத்துவிட்டார். கைபேசியையே ரிமோட்டாக மாற்றும் வசதி சில கைபேசிகளில் உண்டு. ஆனால் வழவழப்பான கண்ணாடியில் விரலுக்குத் தட்டுப்பட மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. பார்வை மங்கியவருக்கு அது உதவாது. ஆகவே எங்கள் தேவை, தடவி அறியத்தக்க பொத்தான்களுடன், இரு பெட்டிகளையும் இயக்கவல்ல ஒற்றை ரிமோட் என்று முடிவாயிற்று.

ஒரு ரிமோட் தன் பெட்டியோடு எவ்வாறு பேசுகின்றது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதற்குப் பாடம் கற்பிக்க இயலாது. அதனைக் கற்கப் புகுந்தபோது, பொறியியல் நூலில் நம் இலக்கண வகுப்பையே கண்டது போன்ற மகிழ்ச்சி உண்டாயிற்று. ரிமோட்டின் முன்முனையில் கடுகுபோல் ஒரு சிறு விளக்கு உள்ளது. அது உமிழ்வது அகச்சிவப்பு ஒளி; அலைநீளம் பெரும்பாலும் 940 நானோமீட்டர். மனிதக் கண்ணுக்கு அது புலப்படாது. அவ்விளக்கு நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கும். அறையிலுள்ள வெயிலிலும் விளக்குகளின் ஒளியிலும் அகச்சிவப்பு கலந்திருப்பதால், அவற்றினின்றும் தன் குரலை வேறுபடுத்திக் காட்டவே இந்தத் துடிப்பு. துடிப்பின் இடையிடையே விடப்படும் மௌனத்தின் நீளத்தில்தான் பொருள் அடங்கியுள்ளது.

ஜப்பானிய நிறுவனமான என்.இ.சி. வகுத்த முறையை எடுத்துக்கொள்வோம். பல நிறுவனங்கள் பின்பற்றும் முறை இது. முதலில் 9 மில்லிநொடி நீளமுள்ள ஓர் ஒளிக்கூவல், பிறகு 4.5 மில்லிநொடி மௌனம். ‘கேளாய்’ என்று தோளைத் தட்டுவது போன்றது அது. அடுத்து 32 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்தும் சுழி அல்லது ஒன்று. சுழிக்கு ஆகும் காலம் 1.125 மில்லிநொடி, ஒன்றுக்கு ஆகும் காலம் 2.25 மில்லிநொடி, அதாவது சரியாக இருமடங்கு. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று நாம் வகுப்பில் உரைப்பதற்கும் இதற்கும் அளவில்தான் வேறுபாடு, விகிதம் ஒன்றே.

அம்முப்பத்திரண்டு எழுத்துகளின் அமைப்பு இன்னும் சுவையுடையது. முதல் பகுதி, ‘இன்ன பெட்டியே’ என்று அழைப்பது, அது விளி. அடுத்த பகுதி, ‘ஒலியைக் கூட்டு’, ‘அணை’ என்று பணிப்பது, அது ஏவல். தன் பெயர் சொல்லி விளிக்கப்படாத பெட்டி, ஏவலைக் கேட்டும் கேளாததுபோல் இருந்துவிடும். ஒரே அறையில் இரு பெட்டிகள் இருந்தும் ஒன்றன் ஆணையை மற்றொன்று ஏற்காமைக்குக் காரணம் இதுவே. மேலும், இம்முறையின் மூலவடிவில் விளியின் எட்டு எழுத்துகளைச் சொன்னதும் அவற்றைத் தலைகீழாக்கி, சுழியை ஒன்றாகவும் ஒன்றைச் சுழியாகவும் மாற்றி, மீண்டும் ஒருமுறை சொல்லும். ஏவலுக்கும் அவ்வாறே. உடன்பாட்டால் கூறியதை எதிர்மறையாலும் கூறி உறுதிப்படுத்தும் உரையாசிரியர் மரபு நினைவுக்கு வருகின்றதல்லவா? இரண்டும் பொருந்தாவிடில் பெட்டி அவ்வாணையை ஏற்காது. இத்தனையும் சொல்லி முடிக்க ஆகும் காலம் 0.07 நொடிக்கும் குறைவு. பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் முழு ஆணையையும் திரும்பச் சொல்லாமல், ‘மேற்படி’ என்பது போன்ற ஒரு சிறுகுறிப்பை மட்டும் அடுக்கிக்கொண்டே போகும்.

எல்லா நிறுவனங்களும் இவ்வொரு மொழியையே பேசினால் தொல்லையில்லை. பிலிப்ஸ் நிறுவனத்தின் முறையில் ஆணைக்கு 14 எழுத்துகளே. துடிப்பு நொடிக்கு 36,000. சோனியின் முறையில் துடிப்பு 40,000. எதிர்மறை கூறிச் சரிபார்க்கும் வழக்கம் அதில் இல்லை. அதற்கு மாறாக ஒரே ஆணையை மும்முறை கூறும். ஏலத்தில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்பார்களே, அதுபோல. ஆக, யுனிவர்சல் ரிமோட் என்பது பன்மொழிப் புலவர். அவர் தலைக்குள் பல நிறுவனங்களின் மொழிகள் முன்னரே ஏற்றப்பட்டுள்ளன. உங்கள் வீட்டில் வழங்கும் மொழி எது என்று அவருக்குச் சொல்ல வேண்டியதுதான் நம் வேலை.

இத்தனை மொழிகள் பிறப்பதற்கு முன்னரும் ரிமோட் இருந்தது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனத்தில் 1955ஆம் ஆண்டு யூஜின் பாலி என்பவர் கைவிளக்குப் போன்ற ஒன்றை அமைத்தார். தொலைக்காட்சியின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரிகள். எந்த மூலையில் ஒளி பாய்ச்சுகின்றோமோ அதற்கேற்ற வேலை நடக்கும். சன்னல் வழியே வெயில் விழுந்தாலும் நடந்துவிடும் என்பதுதான் குறை. மறு ஆண்டு, அந்நிறுவனத்தின் இராபர்ட் ஆட்லர், அலுமினியக் கம்பிகளைச் சுத்தியால் தட்டி, மனிதச் செவிக்கு எட்டாத ஒலியை எழுப்பும் ரிமோட்டை உருவாக்கினார். அதற்கு மின்கலமே தேவையில்லை. மின்கலம் தீர்ந்தால் தொலைக்காட்சியே பழுதாகிவிட்டதென்று மக்கள் எண்ணிவிடுவர் என விற்பனையாளர்கள் அஞ்சினராம். அவ்வச்சம் பொய்யில்லை என்பதற்கு எங்கள் தெருவே சான்று. அகச்சிவப்பு பரவிய பின்னர் வீட்டில் ரிமோட்டுகள் பெருகின. அவற்றை ஒன்றாக்கும் எண்ணமும் தோன்றிற்று. ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக், 1987இல் பிற ரிமோட்டுகளிடமிருந்து கற்றுக்கொள்ளும் ஒரு ரிமோட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார் என்பது பலர் அறியாத செய்தி.

தமிழ்நாட்டில் இக்கருவிக்குத் தேவை பெருகிய வரலாறு வேறு. 2006 முதல் 2011 வரை அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களைச் சென்றடைந்தன. பெட்டி சுவரோரம் பத்திரமாக இருக்கும். ரிமோட் குழந்தையின் கையிலிருந்து தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விடும். பிறகு வந்த வான்வழி ஒளிபரப்பும் செட்டாப் பெட்டியும் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டாவது ரிமோட்டை நுழைத்தன. கடைகளில் அவை சரஞ்சரமாகத் தொங்குவது இதனால்தான்.

நாங்கள் திருச்சி சிங்காரத்தோப்பில் முதலில் வாங்கியது புலவர் வகையைச் சேர்ந்தது. உடன் ஒரு சிறு தாள்; அதில் நிறுவனப் பெயர்களும் எண்களும் எறும்புச் சாரைபோல் அச்சிடப்பட்டிருந்தன. முறை இதுதான்: தொலைக்காட்சியை இயக்கிவைத்து, ‘செட்’ பொத்தானைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை அழுத்தி, நிறுவனத்திற்குரிய எண்ணை இட வேண்டும். பின்னர் ஒலிப் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்திற்கே பத்துப் பன்னிரண்டு எண்கள் இருக்கும். பொறுமையாக ஒவ்வொன்றாக இட வேண்டும். அணைக்கும் பொத்தான் மட்டும் வேலை செய்தால் எண் சரியென்று கொள்ளலாகாது. ஒலி, அலைவரிசை, பட்டியல் ஆகிய மூன்றும் இணங்கினால்தான் அது உரிய எண். எண்ணே தெரியாவிட்டால் ரிமோட் தானே ஒவ்வொரு மொழியாகப் பேசிப் பார்க்கும். பெட்டி அணைந்த கணத்தில் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் சரியான எண் கடந்து போய்விடும்.

எங்கள் தொலைக்காட்சிக்கு ஏழாவது எண் இணங்கிற்று. செட்டாப் பெட்டிக்கோ எந்த எண்ணும் இணங்கவில்லை. புலவர் கற்ற மொழிகளுள் அது இல்லை. ‘யுனிவர்சல்’ என்னும் அடைமொழியின் எல்லை அத்துடன் முடிந்தது. பெட்டியின் நிறுவனத்திற்குத் தொலைபேசியில் முறையிட்டோம். மறுமுனையில் பேசியவர் எங்கள் தேவையை முழுதும் கேட்டுவிட்டு, புதிய ரிமோட் ஒன்றின் விலையைச் சொன்னார்.

தீர்வு எங்கள் கையிலேயே இருந்தது. செட்டாப் பெட்டியின் ரிமோட்டில் மேல்வரிசையில் நான்கு பொத்தான்கள் கட்டமிட்டுத் தனியே அமைந்திருந்தன: இயக்கம், சோர்ஸ், ஒலி கூட்டல், ஒலி குறைத்தல். அவை பெட்டிக்கு உரியவையல்ல. கற்பித்தால் கற்றுக்கொள்ளும் பொத்தான்கள். இவ்வகை புலவரன்று, கிளிப்பிள்ளை. மொழியின் பெயரும் அதற்குத் தெரியாது, பொருளும் தெரியாது. கேட்ட ஒளியின் நீளத்தையும் மௌனத்தின் நீளத்தையும் அப்படியே மனத்திற்கொண்டு திரும்பச் சொல்லும். அதனாலேயே எந்த நிறுவனத்தின் அகச்சிவப்பு மொழியும் அதற்கு வசப்படும். புலவரைவிடக் கிளியே நம் வீடுகளுக்கு ஏற்றது என்பது எங்கள் துணிபு.

இரு ரிமோட்டுகளையும் ஒரு சமமான பலகைமேல், தலையோடு தலை சேர, நான்கு விரற்கடை இடைவெளியில் வைத்தோம். கிளியின் ‘செட்’ பொத்தானை விளக்கு எரியும்வரை அழுத்தி, கற்பிக்க வேண்டிய பொத்தானை ஒருமுறை அழுத்த, விளக்கு மினுக்கத் தொடங்கிற்று. ‘சொல், கேட்கின்றேன்’ என்பது அதன் பொருள். உடனே தொலைக்காட்சி ரிமோட்டின் அதே பொத்தானை அழுத்த, விளக்கு மும்முறை விரைந்து மினுங்கி, கற்றுக்கொண்டதை அறிவித்தது. இதற்குமுன் இரண்டு செயல்களை மறவாமல் செய்திருந்தோம். ஆசிரியராகிய பழைய ரிமோட்டிற்குப் புதிய மின்கலங்கள் இட்டோம். குரல் கம்மிய ஆசிரியரிடம் பாடம் சரியாக ஏறாது. குழல்விளக்கை அணைத்து, வெயில் படாத அறையில் அமர்ந்தோம். ரிமோட் பேசுகின்றதா என்ற ஐயம் எழுந்தால் கைபேசியின் முன்பக்கக் கேமராவின் எதிரே அதன் முனையைக் காட்டி அழுத்தினால் போதும். நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளி, திரையில் வெண்ணீலமாக மின்னுவதைப் பெரும்பாலும் காணலாம்.

நான்கு பொத்தான்களில் மூன்றுக்கே கற்பித்தோம். ‘சோர்ஸ்’ பொத்தானை வேண்டுமென்றே வெறுமையாக விட்டோம். நீலத்திரைக்கு வழிகாட்டும் வாயில் அதுவன்றோ? இனி அதனை எத்தனை முறை தொட்டாலும் ஒன்றும் நிகழாது. கற்பித்த மூன்றினும் கற்பியாது விட்ட அவ்வொன்றே அன்னையாருக்குப் பேருதவி புரிந்தது.

இயக்கும் பொத்தானில் ஒரு நுட்பம் உண்டு. ‘எழு’ என்பதற்கும் ‘உறங்கு’ என்பதற்கும் அது ஒரே ஏவலையே அனுப்புகின்றது. கேட்கும் பெட்டி தன் அப்போதைய நிலையை மாற்றிக்கொள்ளும். இரு பெட்டிகளையும் தனித்தனியே எழுப்பி உறங்கவைத்தால், என்றாவது ஒருநாள் ஒன்று விழித்தும் ஒன்று உறங்கியும் கிடக்கும். அந்த மயக்கத்தைத் தவிர்க்கச் செட்டாப் பெட்டியைப் பகல் முழுதும் விழித்திருக்கவே விட்டோம். தொலைக்காட்சியை மட்டும் அன்னையார் எழுப்புவார், அணைப்பார். சிறிது மின்சாரம் வீணாகும் என்பது உண்மையே. அச்செலவு எங்களுக்கு உறுத்தவில்லை.

எஞ்சியது பொத்தான்களின் தேர்வு. எவையெவை வேண்டும் என்று நாங்கள் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போனோம். அதனை அவர் வாங்கிப் பார்க்கவில்லை. “எனக்கு ஆறு போதும்” என்றார். இயக்கம், ஒலியின் இரண்டு, அலைவரிசையின் மேல்கீழ் இரண்டு. ஆறாவதாக அவர் கேட்டது, முன்பு பார்த்த அலைவரிசைக்கே திரும்பும் பொத்தான். “விளம்பரம் வந்தால் பாட்டுக்குப் போவேன், முடிந்ததும் செய்திக்குத் திரும்புவேன்.” பார்ப்பவர்க்கல்லவா பார்க்கும் முறை தெரியும்! செட்டாப் பெட்டியின் விருப்பப் பட்டியலில் அவர் விரும்பும் ஒன்பது அலைவரிசைகளை மட்டும் சேர்த்தோம். மேல்கீழ்ப் பொத்தான்கள் அந்த ஒன்பதுக்குள்ளேயே சுற்றிவரும்.

அன்னையாரின் பழைய எக்ஸ்ரே படத்தாள் ஒன்றை ரிமோட்டின் அளவிற்கு வெட்டி, ஆறு துளைகள் இட்டு, மேலே இறுக ஒட்டினோம். மற்றப் பொத்தான்கள் அதன் அடியில் மறைந்தன. இயக்கும் பொத்தானின்மேல் ஒரு சிறு பாசிமணியைப் பசையிட்டுப் பதித்தோம். இருட்டிலும் கட்டைவிரல் அதனைக் கண்டுகொள்ளும். ரிமோட்டின் அடிப்புறத்தில் துணிப்பட்டை தைத்துக் கட்டிலின் சட்டத்தோடு பிணைத்தோம். அத்துணிப்பட்டை அடுத்த வீட்டுப் பெண் தைத்துத் தந்தது. பழைய தொலைக்காட்சி ரிமோட் மின்கலம் நீக்கப்பெற்று அலமாரியில் உறங்குகின்றது. கிளி என்றேனும் பாடத்தை மறந்தால் மீண்டும் கற்பிக்க ஆசிரியர் வேண்டுமே! மலிவான சில ரிமோட்டுகள் மின்கலம் மாற்றும்போதே கற்றதனைத்தையும் மறந்துவிடும். எங்களுடையது எப்படி என்று அறிய, ஒருநாள் இரவு மின்கலங்களைக் கழற்றி வைத்து, விடிந்ததும் இட்டுப் பார்த்தோம். மறக்கவில்லை.

முதல் வாரத்தில் மூன்று நாள்கள் நாங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, படம் வருகின்றதா என்று கேட்டோம். நான்காம் நாள், “அதற்காகவெல்லாம் போன் செய்யாதீர்கள்” என்று கண்டித்துவிட்டார். ஒருநாள் மாலை நாங்கள் வீடு திரும்பியபோது தொலைக்காட்சி அணைந்திருந்தது. மின்தடையோ என்று பதறினோம். மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. என்னம்மா ஆயிற்று என்றோம். “ஒன்றும் நன்றாக இல்லை. நிறுத்திவிட்டேன்” என்றார்.

ஆறு மாதங்களுக்குப் பிறகு எக்ஸ்ரே தாளின் ஓரங்கள் பிய்ந்தன. புதிது வெட்ட அமர்ந்தபோது, தொலைபேசி வந்தால் ஒலியை உடனே அடக்க ஒரு பொத்தான் வேண்டும் என்றார். புதிய தாளில் ஏழு துளைகள் உள்ளன.